துருவுக்குள் இருந்த பன்றி

ஷெஃபீல்டுக்கு நான் போனது ஒரு பன்றியைப் பார்க்க. அதன் நீளம் சுமார் 9 சென்டிமீட்டர். அது ஒரு போர்வீரனின் தலைக்கவசத்து உச்சியில் நின்று ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

லண்டனின் செயின்ட் பான்கிராஸ் நிலையத்திலிருந்து வடக்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான ரயில் பயணம். ஷெஃபீல்டு கத்திக்கும் எஃகுக்கும் பேர்போன ஊர். நம் வீட்டுச் சமையலறையில் எவர்சில்வர் என்று நாம் அழைக்கும் உலோகத்தை 1913-இல் ஹாரி பிரியர்லி உருக்கி எடுத்தது இங்கேதான். துருப்பிடிக்காத இரும்பின் ஊரில் துருப்பிடித்த இரும்பைத் தேடி வந்திருக்கிறோமே என்று நிலையத்தைவிட்டு வெளியே வரும்போது எனக்கே சிரிப்பு வந்தது. பல்கலைக்கழகத்தை ஒட்டிய பூங்காவில் வெஸ்டன் பார்க் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது பென்ட்டி கிரேஞ்ச் தலைக்கவசம்.

உண்மையைச் சொன்னால், முதல் பார்வையில் அது யாரையும் கவராது. நெற்றியைச் சுற்றி வரும் ஓர் இரும்புப் பட்டை, மூக்கிலிருந்து பிடரிவரை ஓடும் இன்னொன்று, காதிலிருந்து காதுக்கு வளையும் வேறொன்று, இடையிடையே சில விலாக்கள். உடைந்த கூடையின் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. பட்டைகளுக்கு நடுவே ஒரு காலத்தில் மாட்டுக் கொம்பைப் பிளந்து செய்த தகடுகள் இருந்தன. அவை மண்ணில் மட்கிவிட்டன. மூக்குக் காப்பின்மேல் சிறிய வெள்ளிச் சிலுவை. உச்சியில் பன்றி. பக்கத்திலேயே, 1986-இல் செய்த மாற்றுருவும் இருக்கிறது. கொம்புத் தகடுகள் பளபளக்க, புதுமெருகோடு நிற்கிறது. நான் நின்றிருந்தபோது வந்த பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் நேரே மாற்றுருவின் முன்னால்தான் போய் நின்றது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எட்டு வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அசல் ஒன்று, மாற்றுரு ஒன்று. இவை இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு தலைக்கவசம் உண்டு. அது காகிதத்தில் இருக்கிறது. 1848-இல் இந்தப் பொருள் மண்ணிலிருந்து வெளியே வந்ததும், லெவலின் ஜுவிட் என்ற ஓவியர் அந்தக் கல்லறைப் பொருள்களை நீர்வண்ணத்தில் தீட்டினார். மொத்தம் நான்கு ஓவியங்கள். என்னை அவ்வளவு தூரம் இழுத்து வந்தவை உண்மையில் அவைதான். அவற்றின் நல்ல பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்காகவே வந்தேன்.

தொல்பொருள் என்றால் நம் மனம் பொருளை மட்டும் நினைக்கிறது. பொருள் பொய் சொல்லாது, படம் சொல்லும் என்பது பொது நம்பிக்கை. ஆனால் பொருளும் மாறிக்கொண்டே இருக்கிறது. துரு தின்னும், காற்றுப் பட்டுப் பொடியும், பாதுகாக்கிறேன் என்று ஒருவர் சுரண்டிச் சுத்தம் செய்வார், ஏலத்தில் பிரியும், குண்டுவீச்சில் எரியும். அது மண்ணைவிட்டு வந்த வேளையில் எப்படி இருந்தது என்பதை அந்த வேளையில் பார்த்த கண்தான் சொல்ல முடியும். ஆங்கிலோ-சாக்சன் கல்லறைகளின் கதையில் அந்தக் கண் பெரும்பாலும் ஓவியனுடையது.

*

மறுநாள் பீக் மாவட்ட மலைகளுக்குள் போனேன். பேக்வெல் வரை பேருந்து. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய புட்டிங் இனிப்பு பிரசித்தம். கடைக்குக் கடை தாங்கள்தான் அசல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வாடகைக் காரில் மோனியாஷ் கடந்து, ஆஷ்போர்னிலிருந்து பக்ஸ்டன் செல்லும் ஏ515 சாலைப் பக்கம் போனோம். ரோமானியர் போட்ட பழைய பாதையும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் ஓடியது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் பூமி. மரம் குறைவு, புல்லும் ஆடும் காற்றும்தான் அதிகம். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய வேலிச் சுவர்கள் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிப் போகின்றன.

பென்ட்டி கிரேஞ்ச் ஒரு பண்ணை. ஈமமேடு தனியார் நிலத்தில் இருக்கிறது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற சின்னமும்கூட. தள்ளி நின்றுதான் பார்த்தேன். பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. நடு மேடு சுமார் 15 மீட்டர் குறுக்களவு, உயரம் 60 சென்டிமீட்டர்தான். அதைச் சுற்றி ஆழமில்லாத ஓர் அகழி, அதற்கு வெளியே தாழ்ந்த மண்வரப்பு. தெரியாதவர் அதன்மேலேயே நடந்து போய்விடுவார். சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு போயின. ஆடு ஒன்று மேட்டின்மேல் ஏறி நின்று என்னைப் பார்த்தது.

1848 மே 3 அன்று இங்கே தோண்டியவர் தாமஸ் பேட்மன். வயது இருபத்தாறு. தாத்தாவின் சொத்து கைக்கு வந்துவிட்டதால் பிழைப்புக்காக உழைக்க வேண்டிய அவசியம் இல்லாதவர். வட்டாரத்து ஈமமேடுகளை ஒன்றுவிடாமல் திறந்து பார்ப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டார். ‘மேட்டுப் பிரபு’ என்று பொருள்படும் பட்டப்பெயரே அவருக்கு உண்டு. அவரும் அவருக்காகத் தோண்டியவர்களும் திறந்த மேடுகள் நூற்றுக்கணக்கில். வேகமும் அதற்கேற்ற வேகம்தான். ஒரே நாளில் இரண்டு மேடுகளைத் திறந்த நாள்களும் உண்டு. இன்று எந்த ஆய்வாளராவது அப்படிச் செய்தால் அன்றோடு வேலை போய்விடும். ஆனாலும் அவரிடம் இரண்டு நல்ல பழக்கங்கள் இருந்தன. திறந்த மேட்டை மூடும்போது தன் பெயர் பொறித்த ஈயத் தகடு ஒன்றை உள்ளே போட்டுவிடுவார், பின்னால் தோண்டுபவருக்கு அடையாளமாக. இன்னொன்று, கண்டதை எழுதிவிடுவார், வரையவும் வைத்துவிடுவார்.

பென்ட்டி கிரேஞ்ச் மேட்டுக்குள் எலும்பே இல்லை. அந்தக் களிமண் உடலை முழுதாகத் தின்றுவிட்டிருந்தது. எஞ்சியதாக பேட்மன் கண்டது தலைமயிர் என்று அவர் எண்ணிய சில இழைகள் மட்டும். பொருள்கள் இரண்டு குவியலாகக் கிடந்தன. மயிர் இருந்த பக்கம், வெள்ளி விளிம்பு கட்டிய தோல் குவளை ஒன்று. அதன் தோல் மட்கி, வெள்ளிச் சக்கரங்களும் சிலுவைகளும் மட்டும் மிஞ்சியிருந்தன. அருகில் எனாமல் பூசிய வட்டத் தகடுகள். சுமார் ஆறடி தள்ளி இரண்டாவது குவியல்: துருவேறிக் கட்டியாகிப்போன இரும்புச் சங்கிலிகள், வைக்கோல் அள்ளும் கவைபோல் ஆறு பல் கொண்ட ஓர் இரும்புக் கருவி, அப்புறம் தலைக்கவசம். பேட்மனுக்கு முன்பே யாரோ இந்தக் கல்லறைக்குள் புகுந்து கொள்ளையடித்திருக்க வேண்டும் என்பது பின்னால் வந்தவர்களின் கணிப்பு. கொள்ளையர் விட்டுப்போன மிச்சமே இவ்வளவு என்றால் போனது எவ்வளவோ.

இங்கிலாந்து மண்ணில் கிடைத்த முதல் ஆங்கிலோ-சாக்சன் தலைக்கவசம் அது. அடுத்த தலைக்கவசம் சட்டன் ஹூவில் கிடைக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘பேவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் பன்றி உருவம் தாங்கிய தலைக்கவசங்கள் வருகின்றன. அதைக் கவிஞனின் கற்பனை என்று படித்துக்கொண்டிருந்த தலைமுறைக்கு முன்னால், டெர்பிஷயர் வயல்வெளி ஒன்றிலிருந்து நிஜமாகவே ஒரு பன்றி எழுந்து வந்தது. பேட்மன் அந்தத் தொடர்பை உடனே பிடித்துக்கொண்டார். தலைக்கவசத்தின் காலமான ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி இங்கே பழைய தெய்வங்களும் புதிய கிறித்தவமும் முட்டிக்கொண்டிருந்த காலம். உச்சியில் பன்றியும் மூக்கின்மேல் சிலுவையுமாகப் போருக்குப் போன அந்த மனிதனோ, எந்தப் பக்கம் உதவி வந்தாலும் சரி என்று இருந்திருக்கிறான்.

*

இப்போது ஓவியத்துக்கு வருவோம்.

லெவலின் ஜுவிட் 1816-இல் ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் ராதரம் அருகே பிறந்தவர். செதுக்கோவியம் தெரிந்தவர், பத்திரிகையாளர், பிற்காலத்தில் ‘தி ரெலிக்வரி’ என்ற தொல்லியல் இதழைத் தொடங்கி நடத்தியவர், பிரிட்டிஷ் மண்பாண்டக் கலையின் வரலாற்றை எழுதியவர். பேட்மனும் அவரும் சேர்ந்து பணியாற்றிய வேறெந்தக் கண்டெடுப்புக்கும் ஜுவிட் நான்கு ஓவியங்கள் தீட்டவில்லை. அந்த எண்ணிக்கையே இந்தக் கல்லறையை இருவரும் எவ்வளவு பெரிதாக நினைத்தார்கள் என்பதைக் காட்டிவிடுகிறது. 1849-இல் பேட்மன் எழுதிய முதல் அறிக்கையில் இந்த ஓவியங்களின் சில பகுதிகள் அச்சில் வந்தன.

அப்போது ஒளிப்படக் கலை பிறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அதில் நிறம் கிடையாது. துருவின் பழுப்பு எது, வெண்கலத்தின் பச்சை எது, எனாமலின் மஞ்சள் எது என்று பிரித்துக் காட்டத் தூரிகை வேண்டியிருந்தது. ஈரமான மண்ணிலிருந்து வந்த உலோகம் காற்றுப் பட்டதும் நிறம் மாறத் தொடங்கும். எனாமல் உதிரும். ஆகவே ஓவியனுக்குக் கிடைத்த அவகாசமும் குறைவு. பேட்மனின் குழிக்குள் அந்த அவசரம் கண்ணெதிரே நடந்தது: எனாமல் தகடுகள் மூன்று இருந்தன, மூன்றாவது அப்போதே சிதைந்து உதிர்ந்துவிட்டது. மிஞ்சியவை இரண்டு. சுமார் 40 மில்லிமீட்டர் அகலம். மஞ்சள் எனாமலில் டால்ஃபின்போன்ற மூன்று உயிர்கள், ஒன்றின் வாலை இன்னொன்று கவ்வியபடி வட்டமாகச் சுற்றுகின்றன. தொங்கவிடும் கிண்ணம் ஒன்றின் விளிம்பை அலங்கரித்தவை அவை. கிண்ணம் போய்விட்டது, பதக்கங்கள் மட்டும் மிச்சம்.

பன்றிக்கு வருகிறேன். ஜுவிட்டின் தாளில் பன்றி துருவின் நிறத்தில் நிற்கிறது. பேட்மன் அதை இரும்பில் வடித்த உருவம் என்று எழுதினார். கண்கள் வெண்கலம் என்றார். உருவம் தெளிவாகப் பன்றிதான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பொருள் இரும்புதான் என்பதிலும் இல்லை.

நூறு ஆண்டு கழிந்தது. 1948-இல் தலைக்கவசம் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே துருவை நீக்கினார்கள். உள்ளே இருந்தது இரும்புப் பன்றி இல்லை; உள்ளீடற்ற இரண்டு பாதிகளாக வார்த்துச் சேர்த்த வெண்கலப் பன்றி. இடுப்பில் வெள்ளித் தகடுகள். அவையும் பழைய ரோமானிய வெள்ளிப் பொருள் ஒன்றை வெட்டிச் செய்தவை. கண்கள் வெண்கலமும் இல்லை. தங்கக் குழிக்குள், மணிமணியாகச் சுற்றிய தங்கக் கம்பியின் நடுவே பதித்த கார்னெட் என்ற சிவப்பு மணிக்கற்கள். கீழே இருந்த சட்டத்தின் இரும்பு துருப்பிடித்து, அந்தத் துரு வெண்கலத்தின்மேல் ஏறிப் படிந்து, ஒரு நூற்றாண்டு காலம் எல்லாருக்கும் இரும்பு வேஷம் காட்டியிருக்கிறது.

அப்படியென்றால் ஜுவிட்டின் ஓவியம் தவறா? அருங்காட்சியகத்தில் நின்று இதைத்தான் வெகுநேரம் யோசித்தேன். அவர் தீட்டியது துருவை. அன்று அங்கே இருந்ததும் துருதான். அந்தத் துருவை 1948-இல் அகற்றிவிட்டார்கள். அகற்றியது நல்லதே, இல்லாவிட்டால் பன்றியின் கண் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் மண்ணிலிருந்து எழுந்து வந்த அந்தப் பன்றி, பேட்மன் கையில் ஏந்திய பன்றி, இன்று உலகில் வேறெங்கும் கிடையாது. ஜுவிட்டின் வண்ணத்தில் மட்டும்தான் இருக்கிறது. சுத்தம் செய்வதும் ஒருவகை அழிப்பு. அழிந்த நிலையின் சாட்சி ஓவியம்.

சாட்சி என்று சொல்லும்போது, சாட்சிக்குச் சொந்த அபிப்பிராயம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துருப்பிடித்த சங்கிலிக் கட்டியைச் சங்கிலிக் கவச உடையின் மிச்சம் என்று பேட்மன் நம்பினார். தலைக்கவசத்துக்குப் பக்கத்தில் கவச உடை இருப்பதுதானே முறை! இன்றைய ஆய்வாளர்கள் அதைக் கிண்ணத்தைத் தொங்கவிட்ட சங்கிலியாக இருக்கலாம் என்கிறார்கள். வரைபவர் தோண்டியவரின் நண்பர். தோண்டியவர் என்ன என்று சொல்கிறாரோ அந்தப் பெயரோடுதான் பொருள் வரைபவர் கைக்கு வருகிறது. தூரிகையும் சும்மா இராது. விடுபட்ட விளிம்பைச் சேர்த்துவிடும், கோணலை நிமிர்த்திவிடும், வெளிச்சத்தை வேண்டிய பக்கத்திலிருந்து விழவைக்கும். இந்த ஓவியங்களைப் பார்ப்பவர், எது கண் கண்டது, எது வாய் சொன்னது என்று பிரித்துப் படிக்கத்தான் வேண்டும். நம் ஊர் வழக்கறிஞர்கள் கண்கண்ட சாட்சியையும் கேள்விப்பட்ட சாட்சியையும் எப்படிப் பிரிக்கிறார்களோ அந்தப் பிரிப்பு இங்கேயும் செல்லும்.

கார்னெட் பற்றி ஒரு வார்த்தை. தாதுமணல் வழக்குகளைப் பற்றிச் செய்தித்தாள் படிக்கும் தமிழர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரை மணலைச் சிவப்பாக்குவது இதுதான். கொடுமணல் அகழாய்விலும் கார்னெட் மணிகள் கிடைத்திருக்கின்றன. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பொற்கொல்லர்கள் பதித்த கார்னெட் கற்களில் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்பதை வேதியியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் அந்த வரத்து குறைந்து, பொஹீமியா போன்ற ஐரோப்பிய இடங்களின் கற்கள் அதிகமாயின. பென்ட்டி கிரேஞ்ச் பன்றியின் கண்கள் அந்த மாற்றக் காலத்தைச் சேர்ந்தவை. நம் கரைக் கல்தான் என்று உரிமை கொண்டாட மாட்டேன். அந்த ஆசை எழுந்ததை மட்டும் மறைக்கவில்லை.

*

பேட்மன் 1861-இல், நாற்பது வயது நிறையும் முன்பே இறந்தார். அவர் புதைந்திருக்கும் மிடில்டன் கிராமம் பென்ட்டி கிரேஞ்சிலிருந்து அதிகத் தூரமில்லை. வழியில் ஆர்பர் லோ என்ற பெருங்கல் வட்டம் இருக்கிறது. வெண்கல யுகத்துக்கும் முந்தைய இடம். வெண்ணிறக் கற்கள் ஏறக்குறைய அத்தனையும் நிற்காமல் படுத்துக் கிடக்கின்றன. நிலம் தனியார் பண்ணை என்பதால் வாசலில் உள்ள பெட்டியில் சிறு காசு போட்டுவிட்டுப் போக வேண்டும். அடுத்துள்ள கிப் ஹில் மேட்டையும் அதே 1848-இல் பேட்மன் தோண்டி, உள்ளிருந்த கல்லறைப் பெட்டியை வீட்டுத் தோட்டத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு வந்தவர்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மிடில்டனில் அவருடைய கல்லறை ஒரு பழைய சிற்றாலயத்தின் பின்புறம், இரும்பு வேலிக்குள் இருக்கிறது. மேலே சிலுவை இல்லை. வெண்கல யுகத்துத் தாழி ஒன்றைக் கல்லில் வடித்து வைத்திருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் பிறர் கல்லறைகளைத் திறந்தவருக்குப் பொருத்தமான முத்திரை. அவருடைய சேகரிப்பு பிற்பாடு ஷெஃபீல்டு நகரத்துக்கு வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. பென்ட்டி கிரேஞ்சின் இரண்டு எனாமல் தகடுகளில் ஒன்று ஷெஃபீல்டில் இருக்கிறது. மற்றது ஆக்ஸ்ஃபோர்டில், ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில்.

ஆக்ஸ்ஃபோர்டு போகும் முன், பேட்மனுக்கு முன்பே தோண்டி, எழுதி, படம் சேர்த்த ஒருவரின் சேகரிப்பைப் பார்க்க லிவர்பூலுக்கு ஒரு நடை. ஷெஃபீல்டிலிருந்து மேற்கே போகும் ரயில் பென்னைன் மலைகளைக் குடைந்து, ஹோப் பள்ளத்தாக்கின் வழியே போகிறது. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் தூங்கிவிடாதீர்கள். லைம் தெரு நிலையத்துக்குப் பக்கத்திலேயே உலக அருங்காட்சியகம். அங்கே இருக்கிறது உடையில் குத்திக்கொள்ளும் நகையான கிங்ஸ்டன் அணிவில்லை.

1771 ஆகஸ்ட் 5 அன்று, கேன்டர்பரிக்குத் தென்கிழக்கே கிங்ஸ்டன் மேட்டுநிலத்தில், 205-ஆம் எண் கல்லறையில் அது கிடைத்தது. தோண்டியவர் பிரையன் ஃபாசெட் என்ற பாதிரியார். மூட்டுவாத நோய் அவரை முடக்கியிருந்தது. அணிவில்லையைக் கண்டெடுத்தது அவருடைய மகன். சுமார் எட்டரை சென்டிமீட்டர் அகலத் தங்க வட்டு. சின்னச் சின்ன அறைகளில் கார்னெட், நீலக் கண்ணாடி, வெண்சங்கு. ஃபாசெட் கென்ட் மாவட்டத்தில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் திறந்தவர். வேகத்தில் பேட்மனுக்கும் பாட்டன். ஆனால் கல்லறை கல்லறையாக எண் கொடுத்து, என்ன எங்கே கிடைத்தது என்று குறிப்பேடுகளில் எழுதி, பொருள்களின் படங்களையும் சேர்த்துவைத்தார். இவையெல்லாம் ரோமானியப் பண்பாட்டுக்கு மாறிய பிரிட்டானியர்களின் கல்லறைகள் என்பது அவர் முடிவு. முடிவு பிழை, குறிப்பு பிழையில்லை. குறிப்பு சரியாக இருந்ததால்தான் முடிவைப் பின்னால் மாற்ற முடிந்தது.

1850-களில் ஃபாசெட் குடும்பம் அந்தச் சேகரிப்பை விற்க முன்வந்தபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அறங்காவலர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். கிரேக்க, ரோமானியப் பளிங்குக்கு இருந்த மதிப்பு சொந்த மண்ணின் கல்லறைப் பொருளுக்கு இல்லாத காலம். லிவர்பூலைச் சேர்ந்த பொற்கொல்லர் ஜோசப் மேயர் அதை வாங்கினார். வாங்கியதோடு நிற்காமல், ஃபாசெட்டின் கையெழுத்துக் குறிப்புகளை சார்லஸ் ரோச் ஸ்மித்தைக் கொண்டு பதிப்பித்து, ஃபேர்ஹோல்ட் என்ற ஓவியரைக் கொண்டு படம் சேர்த்து, 1856-இல் புத்தகமாக வெளியிட்டார். பிறகு சேகரிப்பை நகரத்துக்கே கொடுத்தார். 1941 மே மாதம் ஜெர்மானிய விமானங்கள் லிவர்பூலைத் தாக்கியபோது அருங்காட்சியகம் எரிந்தது; மேயர் கொடுத்தவற்றில் ஒரு பகுதியும் போனது. கிங்ஸ்டன் அணிவில்லை தப்பியது. இப்படி எரிந்துபோகும் ஒரு பொருளுக்குப் படம் இருந்தால், அந்தப் பொருள் இன்னும் ஆய்வுக்குள் இருக்கிறது. படம் இல்லையென்றால் பட்டியலில் ஒரு வரியோடு சரி.

ஆக்ஸ்ஃபோர்டில் கூட்டம் முழுக்க ஆல்ஃபிரட் அணிகலன் என்ற ஆங்கிலோ-சாக்சன் நகையைச் சுற்றித்தான். இருக்கட்டும். நான் தேடியது ஜேம்ஸ் டக்ளஸ் தோண்டிய பொருள்களை. அவர் ராணுவப் பொறியாளர். சேட்டத்தில் கோட்டை அரண் கட்ட மண் வெட்டும்போது கல்லறைகள் தட்டுப்பட்டதில் தொடங்கியது அவருடைய ஈடுபாடு. பின்னாளில் பாதிரியார் ஆனார். 1793-இல் நிறைவுற்ற ‘நெனியா பிரிட்டானிக்கா’ நூலின் படங்களை அக்வாடின்ட் முறையில், செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்து, தானே தயாரித்தார். அந்த நூலின் முதல் படத்தைப் பாருங்கள்: ஒரு கல்லறை, நடுவே எலும்புக்கூடு, ஈட்டிமுனை இங்கே, கத்தி இங்கே, கேடயக் குமிழ் இங்கே. பொருளை மட்டும் அழகாக வரைந்து விற்ற காலத்தில், பொருள் இருந்த இடத்தையும் வரைய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தத் தோன்றலில்தான் தொல்லியல் இருக்கிறது. இவை சாக்சன்களின் கல்லறைகள் என்று சரியாகச் சொன்னவரும் அவர்தான். கை வரைந்தபோது மூளையும் கூடவே வேலை செய்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்கிறேன். டக்ளஸ் இறந்தபின் அவர் சேகரிப்பை விலைக்கு வாங்கிய ரிச்சர்ட் கோல்ட் ஹோர் 1829-இல் அதை ஆஷ்மோலியனுக்குக் கொடுத்தார்.

ஆஷ்மோலியன் கையில் இருக்கும் பென்ட்டி கிரேஞ்ச் தகடு மிகச் சிறியது. எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றமாகவும் இருக்கலாம். ஒரே கல்லறையில் கிடந்த இரண்டு துண்டுகள் இப்போது சாலை வழியே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அந்தக் கல்லறையை ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்றால் ஜுவிட்டின் தாள்களுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

எனக்கு ஒரு குறை உண்டு. இந்த அருங்காட்சியகங்கள் பொருளுக்குக் கொடுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கையாவது இந்த ஓவியங்களுக்குக் கொடுத்தால் என்ன? நீர்வண்ணம் வெளிச்சத்தில் மங்கும். 50 லக்ஸுக்கு மேல் ஒளி படக் கூடாது. எப்போதும் சுவரில் மாட்டிவைக்க முடியாது. இவையெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் நல்ல அச்சுப் பிரதியை மாட்ட வெளிச்சம் தடையில்லை. துருவோடு இருந்த பன்றியின் படத்தைத் துரு நீங்கிய பன்றிக்குப் பக்கத்தில் வைத்தால், அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாற்றுருவைவிட நல்ல பாடம் அது. நூறு ஆண்டுக் காலம் அறிஞர்கள் எதைப் பார்த்தார்கள், பிறகு எது வெளியே வந்தது என்பதை அவர்களே பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

இங்கிலாந்துக்குப் போகும் தமிழ் வாசகர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஷெஃபீல்டு, லிவர்பூல், ஆக்ஸ்ஃபோர்டு மூன்று அருங்காட்சியகங்களுக்கும் கட்டணம் இல்லை. பென்ட்டி கிரேஞ்சில் வேலி தாண்ட வேண்டாம். ஆர்பர் லோ பக்கம் நடந்தால் போதும், அந்த நிலத்தின் காற்று தெரிந்துவிடும். போவதற்குச் சில வாரங்கள் முன்பே அருங்காட்சியகத்துக்கு எழுதி, சேமிப்பில் உள்ள ஓவியங்களைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பிரிட்டனில் பொதுச் சேகரிப்பில் உள்ளதைப் பார்க்க முன் அனுமதி கேட்பது சாதாரண நடைமுறை. பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. கேட்டு எழுதுங்கள்.